ஏழாம் எண்ணுக்கு நான் கொடுத்த குரல்

குற்றவியல் நடுவர் அவர்கள் முன்னிலையில் 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆம் தேதி காலை 11.20 மணிக்குப் பதிவு செய்யப்பட்ட சாட்சி வாக்குமூலம்.

பெயர்: வேம்பு. தகப்பனார் பெயர்: முருகையன். வயது: 17. படிப்பு: ஒன்பதாம் வகுப்போடு நின்றது. தொழில்: விவசாயக் கூலி. முகவரி: காலனித் தெரு, வடகரைச்சேத்தி கிராமம், நீடாமங்கலம் வட்டம்.

நான் மேற்படி முகவரியில் என் தாய் தகப்பனாருடன் வசித்து வருகிறேன். இன்று காலை என் தகப்பனார் என்னைப் பேருந்தில் மன்னார்குடிக்கு அழைத்து வந்தார். நடுவர் அம்மா அவரை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு, இந்த அறையில் போலீஸார் யாரும் இல்லை, பயமில்லாமல் பேசலாம், பேச விருப்பமில்லை என்றால் பேசாமலும் போகலாம் என்று சொன்னார்கள். யோசிக்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். அதன் பிறகு நான் பேசச் சம்மதித்துச் சொல்வதாவது.

எங்கள் ஊரில் கோயிலுக்குச் சொந்தமான ஒரு வேலி, அதாவது இருபது மா நிலம் இருக்கிறது. அதை என் தகப்பனார் உட்பட ஆறு கூலிக் குடும்பத்தார் பல வருடங்களாகப் பயிர் செய்து வந்தார்கள். குத்தகை தன் பெயரில்தான் இருக்கிறது என்று ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் பஞ்சநதம் என்பவர் வழக்குப் போட்டார். 2013ஆம் வருடம் இரு தரப்பும் நிலத்தில் இறங்கக் கூடாது என்று தடை உத்தரவு வந்தது. அதிலிருந்து நிலம் தரிசாகக் கிடந்தது. மேற்படி பஞ்சநதத்தின் சித்தப்பா மகள் மங்களாம்பிகை, வயது 28, விளையாட்டு ஆசிரியை, அந்தத் தரிசில் பெண்பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கினார். நாங்கள் அவரை மங்களா அக்கா என்று கூப்பிடுவோம். நிலக்கிழார் வீட்டுப் பெண்ணாக இருந்தும் அவர் நில வழக்கில் எங்கள் பக்கம் சாட்சி சொன்னார். ஆறு குடும்பத்தார் நடவு நட்டதைச் சின்ன வயதிலிருந்து தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். பந்தை முன்னால் வீசக் கூடாது, பின்னால் வருகிறவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். நான் நடவு நடுகிறவள். நடவில் குனிந்தபடி பின்னால் பின்னால்தான் போக வேண்டும். திரும்பிப் பார்க்காமல் சேற்றில் பின்னால் நகர எனக்கு வரும் என்பதால் மங்களா அக்கா என்னை அணியில் சேர்த்தார். என் எண் பதினொன்று. நான் அதிகம் பேச மாட்டேன். எங்கள் அணித் தலைவி ஆயிஷா, "வேம்பு வாயத் தொறந்தா முத்து உதுந்துடும், பொறுக்க ஆளு இல்ல, மூடியே வச்சிருக்கட்டும்" என்று கேலி செய்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

காணாமல் போன தங்கமணி என் தெருக்காரி. வயது 16. அவள் எண் ஏழு. அவள் தாயார் நீலாம்பாள் ஆறு வருடத்துக்கு முன் மலேசியாவுக்குச் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனவர். இரண்டு தீபாவளிக்கு முன் ஒரு கடிதம் வந்தது, அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் தகப்பனார் கண்ணுசாமி, நீலாம்பாள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். தங்கமணி பந்தைக் கையில் எடுத்ததே, அணி ஒருநாள் மலேசியாவுக்குப் போகும் என்று மங்களா அக்கா சொன்ன பிறகுதான். இது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு தொண்டு நிறுவனத்தின் ஏற்பாட்டில் 6.8.2016 அன்று நாங்கள் பன்னிரண்டு பெண்களும் மங்களா அக்காவும் மலேசியா புறப்பட்டோம். எங்கள் பாஸ்போர்ட்டுகளை மங்களா அக்கா தன் பையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் தொலைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வைத்துக்கொண்டார். இதை ஒரு குற்றமாகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அங்கே இரண்டு ஊர்களில் ஆடினோம். 9ஆம் தேதி ஈப்போ என்ற ஊரில் ஆடித் தோற்றோம். மறுநாள் 10ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குப் பேருந்தில் கோலாலம்பூர் போக வேண்டும். அன்று காலை எட்டு மணிக்கு நாங்கள் தங்கியிருந்த விடுதியின் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் தங்கமணி என்னிடம் வந்து, தன் தாயார் கடைசியாக எழுதிய கடிதத்தின் உறையைக் காட்டினாள். அதில் ஈப்போ விலாசம் இருந்தது. விலாசத்தைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, உறையை என்னிடம் கொடுத்து, "இதப் பத்திரமா வச்சுக்கடி. அக்கா பாத்தா அனுப்பாது, எங்கப்பாவுக்குப் போன் போட்டுடும். நடந்து போற தூரந்தான், சமையக்காரம்மாட்ட கேட்டுட்டேன். எட்டே முக்காலுக்கு வந்துடறேன்" என்று சொன்னாள். நான் போகாதே என்று சொன்னேன். "கொஞ்சம் பிந்திட்டா எண்ணிக்கையில மட்டும் எனக்குக் குரல் குடுத்துடு. நம்ம வயல்ல குடுப்பியே, அதே மாரி" என்றாள். தன் அப்பாவிடம் சாகிறவரைக்கும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வயலில் குரல் கொடுப்பது என்றால் என்ன என்று நடுவர் அம்மா கேட்டதன் பேரில் சொல்கிறேன். காலையில் நடவு வயலில் நிலக்காரரின் ஆள் வரப்பில் நின்று பெயரைக் கூப்பிட்டு எண்ணுவார். பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்திருப்பதால் யார் யார் என்று முகம் தெரியாது. யாருக்காவது பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வர நேரமாகிவிட்டால், பக்கத்தில் நிற்பவள் அவளுக்காக "இருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். அப்படிக் கொடுத்தவள், வராதவளின் நடவு வரிசையையும் தன் வரிசையோடு சேர்த்து அவள் வரும்வரை நட வேண்டும். இது எங்கள் நடவுக் கூட்டத்தில் உள்ள வழக்கம். என் தாயார் பொன்னுத்தாய்தான் கூட்டத்தின் தலைவி. நான் பேசாத பெண் என்பதால் என் மீது சந்தேகம் வராது என்று பெரும்பாலும் என்னையே குரல் கொடுக்க வைப்பார்கள். மற்றவர்கள் மாதிரி பேச எனக்கு வரும். என் சொந்தக் குரலில் சத்தமாகப் பேசத்தான் வராது.

அதன் பிறகு எட்டே முக்கால் ஆனது. தங்கமணி வரவில்லை. எல்லோரும் பேருந்தில் ஏறினோம். நானும் அவளும் எப்போதும் கடைசி இருக்கையில் சேர்ந்து உட்காருவோம். அவள் பையை அவள் இடத்தில் வைத்து, அதன்மேல் ஈரத் துணி மூட்டையை வைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மங்களா அக்கா முன் இருக்கையில் ஓட்டுநரிடம் வழி பற்றிப் பேசிக்கொண்டே, எழுந்திருக்காமல் எண்களைக் கூப்பிட்டார். தங்கமணி தன் எண்ணுக்கு "ஏ...ழக்கா" என்று இழுத்துச் சொல்வாள். ஆறுக்கு ஆயிஷா பதில் சொன்னாள். ஏழுக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு "ஏ...ழக்கா" என்று சொன்னேன். பதினொன்றுக்கு என் குரலில் சொன்னேன். என் குரல் கேட்கவில்லை என்று அக்கா மறுபடியும் கேட்டார். ஏழு நன்றாகக் கேட்டது.

முந்தைய நாட்களில் எண்ணி முடித்த பிறகும் தண்ணீர் கேன்களை ஏற்றும்வரை பேருந்து பத்து நிமிடம் நிற்கும். அன்றும் நிற்கும், அதற்குள் அவள் ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அன்று கேன்களை முன்பே ஏற்றியிருந்தார்கள். எண்ணி முடித்ததும் பேருந்து புறப்பட்டுவிட்டது. நான் எழுந்து நின்றேன். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் அக்காவும் மற்ற பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பயத்தில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். ஆயிஷா திரும்பி, "என்னடி, அதுக்குள்ள வயித்தக் கலக்குதா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். விடுதியின் வாசலும் அதன் எதிரில் இருந்த மண்டபமும் கண்ணை விட்டு மறையும்வரை பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை.

அதன் பிறகு ஒரு மணி நேரம் ஓடி, சாலையோர ஓய்வுத்தலம் ஒன்றில் பேருந்து நின்றது. எல்லோரும் இறங்கி, தேநீர் குடித்து, கழிப்பறை போய்விட்டு வந்தோம். ஏறும்போது மங்களா அக்கா வாசற்படியில் நின்று ஒவ்வொருவர் தலையையும் தொட்டு எண்ணினார். பதினொன்று வந்தது. மறுபடியும் எண்ணினார். அதன் பிறகு உள்ளே வந்து, "வேம்பு, ஒன் பக்கத்துலதானே உக்காந்திருந்தா?" என்று என்னிடம் கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "எறங்குனவ எந்தப் பக்கம் போனா?" என்று கேட்டார். நான் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

நான் வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தலையாட்டியதும் கை காட்டியதும் பொய்தான்.

அதன் பிறகு எல்லோரும் தேடினார்கள். கழிப்பறைக்குப் பின்னால் எண்ணெய்ப்பனைத் தோப்பு இருந்தது. மங்களா அக்கா அதற்குள் ஓடினார். அவருடைய செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்காமல் ஒற்றைச் செருப்போடு ஓடினார். பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு வரிசையாகத் தோப்பில் நடந்து தங்கமணி, தங்கமணி என்று கூப்பிட்டார்கள். நானும் அந்த வரிசையில் நடந்தேன். அவள் அங்கே இல்லை என்று தெரிந்தே நானும் அவள் பெயரைக் கூப்பிட்டேன்.

அந்த ஊர் போலீஸார் வந்தார்கள். ஈப்போவில் எண்ணும்போது அவள் பதில் சொன்னதைத் தன் காதால் கேட்டதாக மங்களா அக்கா எழுதிக் கொடுத்தார். மற்ற பிள்ளைகளும் கேட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அதனால் போலீஸார் இரண்டு நாளும் அந்த ஓய்வுத்தலத்தைச் சுற்றியே தேடினார்கள். தோப்பில் நாய்களை விட்டார்கள். ஈப்போவில் யாரும் தேடவில்லை. மூன்றாம் நாள் ஓய்வுத்தலத்தின் காமிராவைப் போட்டுப் பார்த்ததில் பேருந்திலிருந்து பதினொரு பெண்கள்தான் இறங்கியிருந்தார்கள். அதிலிருந்து மங்களா அக்கா பொய் சொல்கிறார், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று பேச்சு வந்தது. உண்மையைச் சொல்லும்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மா தமிழில் என்னைக் கேட்டார்கள். நான் அழுதேன். அழுகிற பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று மங்களா அக்காதான் அவரிடம் சொன்னார்.

அதன் பிறகு 14ஆம் தேதி தங்கமணி இல்லாமல் ஊர் திரும்பினோம். 18ஆம் தேதி கண்ணுசாமி கொடுத்த புகாரின் பேரில், பெண்ணைக் கடத்தி விற்றதாக மங்களா அக்காவைக் கைது செய்தார்கள். புகாரை எழுதிக் கொடுத்தது பஞ்சநதத்தின் ஆட்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சநதத்தின் டிராக்டர் கோயில் நிலத்தில் இறங்கியது. நாங்கள் கோல் கம்பம் என்று நட்டிருந்த மூங்கில்களைப் பிடுங்கி வரப்பில் போட்டார்கள். என் தாயார் போய்க் கேட்டதற்கு, டிராக்டரில் இருந்தவர், "புள்ளைய வித்தவ சாட்சி இனிமே எடுபடுமா? போய் வேற வேலயப் பாரு ஆயா" என்று சொன்னார். என் தாயார் வீட்டுக்கு வந்து, மங்களா அக்கா அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

அதன் பிறகு 25ஆம் தேதி மாலை பஞ்சநதம் எங்கள் வீட்டுக்கு வந்தார். இதற்கு முன் அவர் எங்கள் தெருவுக்குள் ஓட்டுக் கேட்க மட்டும் வந்திருக்கிறார். என் தகப்பனார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர்கள் பேசியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"முருகையா, கேசு நிக்கணும்னா பாத்த சாட்சி வேணும். ஒம் பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தவ. ஈப்போவுல ஒரு செவப்புக் கார்ல மங்களா அந்தப் பொண்ண ஏத்தி அனுப்பிச்சத பாத்தேன்னு ஜட்ஜுகிட்ட சொல்லட்டும்."

"அது வாயத் தொறக்காதுங்கய்யா."

"அதாம்ப்பா வேணும். பேசாத பொண்ணுன்னு ஊருக்கே தெரியும். பேசாத பொண்ணு பேசுனா எல்லாரும் நம்புவாங்க."

என் தகப்பனார், மங்களா உங்கள் தங்கச்சிதானே என்று கேட்டார். அதற்குப் பஞ்சநதம், "தங்கச்சி அன்னிக்கிக் கோர்ட்டுல என்னயப் பாத்தாளா?" என்று சொன்னார். நில வழக்கு முடிந்ததும் வாய்க்கால் தலைப்பில் உள்ள நாலு மா நிலத்தை என் தகப்பனார் பெயரில் குத்தகைப் பதிவு செய்து தருவதாகச் சொன்னார். மற்ற ஐந்து குடும்பத்தாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார். அந்த ஐந்தில் கண்ணுசாமி குடும்பமும் ஒன்று.

நடுவர் அம்மா, என் தகப்பனார் என்னை அடித்தாரா, மிரட்டினாரா என்று கேட்டார்கள். இல்லை. அவர் என்னை இதுவரை அடித்ததில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, "ஒன்னைய ஒம்போதாவதுல நிறுத்துனது நாந்தான். அது நமக்குன்னு ஒரு குழி நெலம் இல்லாததாலதான். இப்ப வருதும்மா" என்று சொன்னார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். மங்களா அக்கா குற்றம் செய்தாரா இல்லையா என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை பேருந்தில் வரும்போது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சிவப்புக் கார் என்று சொல்ல வேண்டும், காரில் இருந்த ஆள் தொப்பி போட்டிருந்தார் என்று சொல்ல வேண்டும், மங்களா அக்கா அவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். நான் இரண்டு முறை திருப்பிச் சொன்னேன். தப்பில்லாமல் சொன்னேன். நல்லாச் சொல்றியே என்று அவர் ஆச்சரியப்பட்டார். அந்தக் குரல் மங்களா அக்கா மீது குற்றம் சொல்கிற ஒரு பெண்ணின் குரலாக இருந்தது. அது எனக்கு எளிதாக வந்தது. அதைக் கேட்டு எனக்கே பயம் வந்தது. இந்த அறைக்குள் வரும்வரை அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

அப்படியானால் ஏன் மாற்றிக்கொண்டாய் என்று நடுவர் அம்மா கேட்டார்கள். நீங்கள் கொடுத்த அரை மணி நேரத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்றோடு பத்தொன்பது நாள். தங்கமணியிடம் பாஸ்போர்ட் இல்லை, மாற்றுத்துணி இல்லை, அந்த ஊர் பாஷை தெரியாது. விலாசம் உள்ளங்கையில் பேனாவால் எழுதியது, கை கழுவினால் போய்விடும். அவள் எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் பிந்தி அந்த விடுதி வாசலுக்கு வந்திருப்பாள். நான் குரல் கொடுத்திருப்பேன், கேன் ஏற்றும்வரை பேருந்து நிற்கும் என்று நம்பி ஓடி வந்திருப்பாள். பஞ்சநதம் சொன்னதை நான் சொன்னால் போலீஸார் இனி ஒரு சிவப்புக் காரைத் தேடுவார்கள். முதலில் தோப்பில் தேட வைத்தேன், இரண்டாவதாக, இல்லாத காரைத் தேட வைப்பேன். அவளைத் தேட வைக்கவே மாட்டேன்.

ஆகவே நான் சொல்வது. ஈப்போவில் ஏழாம் எண்ணுக்குப் பதில் சொன்னது நான். மங்களா அக்கா தங்கமணியை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. சிவப்புக் கார் என்று ஒன்று இல்லை. தங்கமணி 10.8.2016 காலை எட்டு மணிக்குத் தானாகவே தன் தாயாரைத் தேடிப் போனாள். அவள் என்னிடம் கொடுத்த உறையை, வீட்டில் யார் கண்ணிலாவது படும் என்று, இன்று நான் ஆட்டத்துக்குப் போடும் காலுறைக்குள் வைத்துக் காலில் போட்டுக்கொண்டு வந்தேன். அதை இப்போது எடுத்து நடுவர் அம்மாவிடம் ஒப்படைத்தேன். அதில் கதவு எண்ணும் தெருப் பெயரும் ஈப்போ என்றும் எழுதியிருக்கிறது. அவள் தாயாரின் கையெழுத்து. கண்ணுசாமிக்கு இது தெரியக் கூடாது என்று நான் செய்த சத்தியத்தை மீறுகிறேன்.

நேற்று தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணுசாமி என்னிடம் வந்து, "எம் பொண்ணு ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளாம்மா? நல்லாப் பழகுவீங்களே" என்று கேட்டார். உறை அப்போது என் வீட்டில் அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டுப் போனார். இது வழக்குக்குத் தேவையா என்று எனக்குத் தெரியாது. பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

நான் செய்ததற்கு எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். அதை இப்போது முடிவு செய்வதில்லை என்று நடுவர் அம்மா சொன்னார்கள். என் தகப்பனாரைக் கைது செய்வார்களா என்று கேட்டேன். அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டார்கள்.

மேலே உள்ளது முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். "அந்தக் குழப்பத்தில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்" என்று ஓரிடத்தில் இருந்ததை, பயத்தில் என்று மாற்றச் சொன்னேன். எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. மாற்றினார்கள். இதில் உள்ளவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொன்னவை, எனக்குத் தெரிந்தவரை உண்மையானவை.

என் தகப்பனார் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சிவப்புக் காரைப் பற்றிச் சொல்லி முடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உறை பற்றிய தகவலை முதலில் ஈப்போவுக்கு அனுப்பும்படியும், நான் சொன்னதை என் தகப்பனாரிடம் போலீஸார் சொல்வதற்கு முன் நானே போய் என் வாயால் சொல்ல அனுமதிக்கும்படியும் கேட்டுக்கொண்டேன். அனுமதி கொடுத்தார்கள்.

(ஒப்பம்)
மு. வேம்பு